இட்லி மாவு நிறுவனத்துக்கு லோகோ: பாக்கெட் முதல் பெயர்ப் பலகை வரை ஒரு நிகழ்வு ஆய்வு

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு மாவு நிறுவனம். விடிவதற்குள் இட்லி, தோசை மாவை ஒரு கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டுகளில் அடைத்துக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டிகளில் ஏற்றி, முகப்பேர், அண்ணா நகர், வில்லிவாக்கம், கொளத்தூர் மளிகைக் கடைகளுக்கு அனுப்பிவிடுகிறது. ஆலை வாசலிலேயே நேரடி விற்பனைக் கடை ஒன்றும் உண்டு. தொழில் தொடங்கியபோது பக்கத்து டிடிபி சென்டரில் போட்டுக் கொடுத்த லோகோதான் இதுவரை ஓடியது: வாழை இலை, அதன்மேல் ஆவி பறக்கும் இட்லி, கீழே ஆங்கிலத்தில் பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் தமிழ்ப் பெயர்.

அதை மாற்றச் சொல்லி முதலில் கேட்டவர்கள் கடைக்காரர்கள். வாங்க வருகிறவர் பெயரைச் சொல்வதில்லை, இலை போட்ட மாவு என்றுதான் கேட்கிறார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் இலை போட்ட மாவு மூன்று கம்பெனியுடையது இருக்கிறது. கைக்கு எது எட்டுகிறதோ அது விற்கிறது. ஆக, இந்த வேலையின் இலக்கு அழகான லோகோ என்று பொதுவாக இல்லாமல் மிகக் குறுகலாகவே அமைந்தது: ஈரக் கண்ணாடிக்குப் பின்னால், குளிர் விளக்கு வெளிச்சத்தில், கடைக்கு வெளியே நிற்பவர் பெயரை வாசித்துக் கேட்க வேண்டும்.

நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. எழுத்துகளைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருப்பதால் இவ்வளவு மட்டும் சொல்லலாம்: நான்கெழுத்துத் தமிழ்ப் பெயர், முதலெழுத்து வெ, இரண்டாவது ண், கடைசி எழுத்து ழை.

வரையும் முன் எடுத்த பட்டியல்

லோகோ வேலையில் முதலில் பென்சிலைத் தொடக்கூடாது. இந்த லோகோ எங்கெல்லாம் வரப்போகிறது, அங்கே எந்த முறையில் அச்சாகும், எந்த அளவில் நிற்கும் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். இந்த நிறுவனத்துக்கு அது இப்படி வந்தது: ஒரு கிலோ, அரைக் கிலோ பாக்கெட், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் ஸ்டென்சில், குட்டியானையின் பக்கவாட்டுப் பலகை, கடை வாசல் போர்டு, மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர், விற்பனைக் கடையின் பில், வாட்ஸ்அப் முகப்புப் படம், ஊழியர் சட்டையில் எம்பிராய்டரி.

இந்தப் பட்டியலில் எது மிக மோசமான இடமோ அதற்குத்தான் லோகோவை முதலில் வரைய வேண்டும். மினுமினுக்கும் விசிட்டிங் கார்டில் எந்த லோகோவும் நன்றாகத்தான் இருக்கும். இங்கே மோசமான இடங்கள் இரண்டு: பாக்கெட், பில்.

பில் மெஷின் கணக்கு எளிது. கடைகளில் இருக்கும் தெர்மல் (சூட்டில் அச்சாகும்) பிரிண்டர் பொதுவாக 203 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 58 மி.மீ. ரோலில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., மொத்தம் 384 புள்ளி. கறுப்பு அல்லது வெறுமை, இடையில் சாம்பல் கிடையாது. பழைய லோகோவின் ஆவியும் இலை நரம்பும் இதில் வெறும் கறையாக வந்தன.

பாக்கெட்டின் கணக்கு கடினம். நிறுவனம் பயன்படுத்துவது 65 மைக்ரான் எல்டிபிஇ ஃபிலிம், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் தாள். வெளிப்பக்கத்தில் ஃபிளெக்ஸோ அச்சு, அதாவது வளையக்கூடிய பிளேட்டால் அடிக்கும் முறை. இந்த முறையில் ஃபிலிம் இழுபடும், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் அரை மில்லிமீட்டர் வரை நகரும். பிளேட்டின் அழுத்தத்தில் மை பக்கவாட்டில் பரவும். அச்சாகும் கோடு 0.2 மி.மீ. இருந்தாலும் பிழைத்துவிடும். அச்சாகாமல் விட வேண்டிய இடைவெளி 0.4 மி.மீ.க்குக் குறைந்தால் மை அதை மூடிவிடும். தமிழ் எழுத்துக்கு இந்த இரண்டாவது எண்தான் ஆபத்து, ஏனென்றால் நம் எழுத்துகளில் பாதி சுழிகளால் ஆனவை.

இன்னொரு சிக்கல் மாவினுடையது. பாக்கெட்டுக்குள் மாவு புளித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் தட்டையாகப் போகும் பாக்கெட் மாலையில் வயிறு ஊதி நிற்கும். 180 மி.மீ. அகலப் பாக்கெட்டில் நேராகக் கண்ணுக்குத் தெரிவது நடுவில் ஏறத்தாழ 110 மி.மீ. மட்டும், இருபுறமும் வளைந்து பின்னால் போய்விடும். பழைய லோகோ 150 மி.மீ. அகலம். முதலெழுத்தும் கடைசி எழுத்தும் விளிம்பில் மறைந்ததால்தான் யாரும் பெயரைப் படிக்கவில்லை, நடுவில் இருந்த இலையை மட்டும் பார்த்தார்கள். புதிய லோகோவுக்கு 100 மி.மீ. என்று எல்லை வைத்தது இந்த அளவிலிருந்து.

நிறத்தைத் தீர்மானித்தது பக்கத்துப் பாக்கெட்

சென்னை மளிகைக் கடை ஃப்ரிட்ஜில் மாவு தனியாக இருப்பதில்லை, ஆவின் பாலுக்கு அருகில்தான் இருக்கும். அந்தப் பாக்கெட்டுகளின் நிறத்தை இந்த ஊர்க்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால் நீலம், 4.5 சதவீதம் பச்சை, 6 சதவீத நிறைகொழுப்புப் பால் ஆரஞ்சு, பின்னால் வந்த 3.5 சதவீதப் பால் ஊதா. கடையில் பாலைப் பெயர் சொல்லிக் கேட்பதைவிட நிறம் சொல்லிக் கேட்பவர்களே அதிகம். இந்த நான்கு நிறத்தில் எதைத் தொட்டாலும் அவசரத்தில் அது பாலாகத் தெரியும். போட்டி மாவுகள் பெரும்பாலும் பச்சையும் சிவப்பும். மிச்சமிருந்த நல்ல இடம் அரக்கு. புடவைக் கடையில் அரக்கு என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அந்த அடர்நிறம். வெள்ளை மாவின் மேல் நன்றாக எழும்பி நிற்கிறது, குளிர் எல்இடி வெளிச்சத்தில் கொஞ்சம் பழுப்பேறினாலும் அடையாளம் மாறுவதில்லை.

பாக்கெட்டுக்கு இதைச் சிறப்பு மையாக, முன்கூட்டியே கலந்து வரச் செய்ய வேண்டும். அட்டைப்பெட்டி, நோட்டீஸ் போன்ற நான்கு நிற அச்சுக்கு சயான் 20, மஜெண்டா 95, மஞ்சள் 80, கறுப்பு 40 சதவீதம் என்ற கலவை வைக்கப்பட்டது. திரையில் பார்த்து நிறத்தை ஒப்புக்கொள்வது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. அதே ஃபிலிமில் அதே மையைத் தேய்த்து எடுத்த சாம்பிளை, பின்னால் உண்மையான மாவை வைத்துப் பார்த்துத்தான் ஒப்புதல் வாங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தபோதுதான் ஒயிட் பேஸ் (அடியில் ஒரு வெள்ளைத் தளம்) தேவை என்பது உறுதியானது. ஒளி ஊடுருவும் ஃபிலிமில் வெறும் அரக்கை அடித்தால், பின்னால் மாவு இருக்கும் இடத்தில் நிறம் சரியாக இருக்கிறது. மாவு கீழிறங்கிக் காற்று நிற்கும் மேல்பகுதியில் அது கறுத்துப்போகிறது. ஒரே பெயரின் மேல்பாதி ஒரு நிறம், கீழ்பாதி ஒரு நிறம். எனவே லோகோவுக்குப் பின்னால் வெள்ளை மையில் ஒரு தளம் அடிக்க வேண்டும். எழுத்தின் வடிவிலேயே வெள்ளையை அடித்தால் ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் பொருத்தம், நகரும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். எழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 8 மி.மீ. விட்டு ஒரு நீள்வட்டத் தளமாக வைத்தால் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

செலவைக் குறைக்க ஒரே நிறத்தில் முடிக்கலாமே என்ற கேள்வி இந்த இடத்தில் வந்தது. ஃபிளெக்ஸோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட், ஆகவே கேள்வி நியாயமானது. தடுத்தது பார்கோடு. பில்லிங் கவுன்டரில் இருக்கும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் வேலை செய்பவை. சிவப்பு குடும்பத்து மை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், ஸ்கேனருக்குக் கோடுகள் வெள்ளையாகவே தெரியும். அரக்கில் அடித்த பார்கோடு கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், மெஷின் படிக்காது. இன்னொன்று, சைவ உணவுக் குறி: பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் பச்சையில்தான் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே தீர்வாக அடர்பச்சை இரண்டாம் மையாக வந்தது. பச்சை மை சிவப்பு ஒளியை விழுங்குவதால் வெள்ளைத் தளத்தின் மேல் அடர்பச்சைப் பார்கோடு நன்றாகப் படிக்கிறது. தயாரித்த தேதிக்கான கட்டம், உணவுப் பாதுகாப்பு உரிம எண், பொருட்களின் பட்டியல் எல்லாம் அதே மையில். மொத்தம் மூன்று பிளேட்: வெள்ளை, அரக்கு, பச்சை. லோகோவில் பச்சைக்கு இடமில்லை. லோகோ ஒற்றை நிறம் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தது நல்லதுதான். ஸ்டென்சிலிலும் பில்லிலும் எம்பிராய்டரியிலும் அதுதான் காப்பாற்றியது.

மூன்று வழிகள்

நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தது மூன்று வடிவக் கருத்துகள், தேர்ந்தெடுத்த ஒன்றில் இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் போனால் தனிக்கட்டணம். பணம் 40, 30, 30 சதவீதமாக: தொடங்கும்போது, கருத்து தேர்வானதும், ஃபைல் ஒப்படைக்கும்போது. ஒப்புதல் சொல்ல ஒரே ஆள் என்பதும் எழுத்தில் இருந்தது. குடும்ப நிறுவனங்களில் இது மிக முக்கியம். இங்கே பெரியவருக்குப் பாட்டி படம் வேண்டும், மகனுக்கு ஆங்கில எழுத்து மட்டும் போதும், மருமகளுக்கு ஆட்டுக்கல். மூவருடைய விருப்பத்தையும் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் மூவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தொடங்கினால் மூன்றையும் ஒட்டிய லோகோதான் கிடைக்கும்.

முதல் கருத்து, இலையைச் சுருக்கி எளிமையாக்கியது. பழைய வாடிக்கையாளர்களை இழக்காமல் இருக்கலாம் என்பது அதன் பலம். ஆனால் கடைக்காரர்கள் சொன்ன குழப்பம் அப்படியே தங்கும், ஆகவே தள்ளுபடி. இரண்டாவது, சுழலும் கிரைண்டர் கல்லை மேலிருந்து பார்த்த வடிவம். பெரிதாகப் பார்க்க நன்றாக இருந்தது. 15 மி.மீ.க்குச் சுருக்கியதும் மின்விசிறியா, கார் சக்கரமா என்று தெரியவில்லை. மூன்றாவதுதான் பெயரின் எழுத்துகளையே லோகோவாக்குவது.

மூன்றாவதைப் பரிந்துரைக்க வலுவான காரணம் இருந்தது. வாங்குபவர் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுதானே தேவை? படம் வைத்தால் மறுபடியும் படத்தைச் சொல்லித்தான் கேட்பார். பெயர் நான்கே எழுத்து, குறுகியது. எழுத்துகளில் சுழிகள் நிறைய: ஒற்றைக் கொம்பில் ஒன்று, வ-வில் ஒன்று, ண-வில் மூன்று, ழை-யின் இணைக்கொம்பில் இரண்டு. தோசைக்கல்லில் கரண்டியை நடுவிலிருந்து சுழற்றி வெளியே கொண்டுவரும் அந்த அசைவை எல்லாச் சுழிகளிலும் ஒரே அளவில், ஒரே திசை உணர்வில் வைத்தால் போதும், தனியாகப் படம் எதுவும் வேண்டாம்.

எழுத்தை வரைந்த விதம்

இலவச உரிமத்தில் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இப்போது பல உண்டு. கேட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி போன்றவற்றை லோகோவுக்குப் பயன்படுத்த உரிமச் சிக்கல் இல்லை. ஆனால் அதே எழுத்துருவை நாளை பக்கத்துக் கடையும் போடலாம். எனவே இவற்றைத் தொடக்க அளவுகளைப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்துகள் கையால் வரையப்பட்டன.

எழுத்தின் உடல் உயரத்தை, அதாவது மேலே நிற்கும் புள்ளியும் கீழே இறங்கும் வாலும் சேராத உயரத்தை, 100 என்று வைத்தால் கோட்டின் தடிமன் 15. இதை எல்லா எழுத்துக்கும் ஒன்றாகப் போட்டதும் ண் மட்டும் கறுத்துத் தெரிந்தது. மூன்று சுழி நெருங்கி நிற்பதால் அந்த இடத்தில் மை அதிகம். அளவுகோலில் சமமாக இருப்பது கண்ணுக்குச் சமமாக இருக்காது. ண-வின் கோட்டை 13.5 ஆகக் குறைத்து, அகலத்தை வ-வின் அகலத்தைப்போல் 1.6 மடங்கு வரை விரித்த பிறகுதான் பெயர் முழுவதும் ஒரே கனத்தில் வந்தது. வட்டமான உச்சிகள் தட்டையான உச்சிகளைவிட ஒன்றரை அலகு மேலே போக வேண்டும், இல்லையென்றால் குள்ளமாகத் தெரியும்.

புள்ளியின் விட்டம் கோட்டின் தடிமனைப்போல் 1.3 மடங்கு. கோட்டின் அளவிலேயே வைத்தால் அச்சில் தூசி விழுந்த மாதிரி இருக்கும். எழுத்தின் தலைக்கும் புள்ளிக்கும் நடுவே குறைந்தது ஒரு கோட்டுத் தடிமன் இடைவெளி வேண்டும். பாக்கெட்டில் புள்ளி ஒட்டிக்கொண்டால் ண் என்பது தெரியாத வேறு எழுத்தாகிவிடும், பெயரே மாறிவிடும். அலங்காரத்துக்காகப் புள்ளியை இட்லி வடிவில், இலை வடிவில் மாற்றும் பழக்கம் நிறைய இருக்கிறது. இங்கே அதைச் செய்யவில்லை. புள்ளி எழுத்தின் பகுதி, ஒட்டவைத்த அணி இல்லை.

ஆங்கிலப் பெயரை எங்கே வைப்பது என்பதற்குச் சட்டம் ஓரளவு பதில் வைத்திருந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் முதன்மையாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று வந்தால் 5:3:2 விகிதம். லோகோவை ஒரு மாதிரி, போர்டை ஒரு மாதிரி வைத்துக்கொள்வதைவிட லோகோவையே இந்த விகிதத்தில் அமைத்துவிட்டால் பின்னால் வாதமே இல்லை. 100 மி.மீ. அகல லோகோவில் தமிழ் உடல் உயரம் 20 மி.மீ., ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் 12 மி.மீ.

இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்ததும் ஒரு மோதல். ழ-வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கிச் சுருள்கிறது, அது ஆங்கில வரியின் கடைசி எழுத்துகளின் தலையில் இடித்தது. வாலைக் குட்டையாக்கினால் ழ-வின் முகமே போய்விடும். வரிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ஆங்கில வரியை நடுவில் வைக்காமல் இடது ஓரத்துக்கு ஒட்டியதும் தீர்ந்தது: ஆங்கிலப் பெயர் 80 மி.மீ.யில் முடிகிறது, மிச்சமுள்ள 20 மி.மீ.யில் வால் தாராளமாக இறங்குகிறது. இப்போது அந்த வால்தான் இரண்டு வரிகளையும் பிணைக்கிறது. இந்த லோகோவில் மிகவும் பிடித்துப்போகிற இடம் எது என்றால் இதுதான். ஆங்கில எழுத்தின் தடிமனும் முனைகளின் வட்டமும் தமிழைப் பார்த்து அமைந்தவை. பெரும்பாலான கம்பெனிகளில் இது தலைகீழாக நடக்கும். ஆங்கில லோகோவை முடித்துவிட்டு, அதன் சாயலில் தமிழை வளைத்து நெளித்துப் போடுவார்கள், அது படிக்கவே வராது.

லோகோ 20 மி.மீ. அகலத்துக்குக் கீழே போனால் தமிழ் உடல் உயரம் 4 மி.மீ.க்கு வந்துவிடும், ண-வின் உள் இடைவெளி 0.35 மி.மீ. ஆகிவிடும். முன்பு சொன்ன 0.4 எல்லைக்கு அது உள்ளே. அதனால் சிறிய அளவுக்கென்று தனி வரைவு: கோடு மெலிந்து, சுழிகள் திறந்து, ஆங்கில வரி நீங்கியது. வாட்ஸ்அப் வட்டத்துக்கு வெ என்ற முதலெழுத்து மட்டும். வட்டத்தின் விளிம்பில் கொம்பின் சுழி வெட்டுப்படாதபடி எழுத்தை வட்ட விட்டத்தின் 60 சதவீதத்துக்குள் அடக்க வேண்டும்.

சோதனைகள்

கறுப்பில் மட்டும் அச்சிட்டு, ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துப் பார்ப்பது பழைய முறை. இன்றைக்கும் இதைவிடச் சிக்கனமான சோதனை இல்லை. எந்தச் சுழி முதலில் அடைக்கிறது என்று அது காட்டிவிடும். அடுத்து பில் மெஷினில் 25 மி.மீ. அகலத்தில், அதாவது 200 புள்ளியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

உண்மையான தீர்ப்பு ஃப்ரிட்ஜில்தான். லோகோவை ஃபிலிமில் ஸ்டிக்கராக வெட்டி, மாவு நிரப்பிய பாக்கெட்டில் ஒட்டி, கடை ஃப்ரிட்ஜில் மற்ற மாவுகளோடு வைத்து, கதவை மூடி, கண்ணாடியில் ஈரம் படிந்த பிறகு பத்தடி தள்ளி நின்று பார்ப்பது. அதே பாக்கெட்டை மறுநாள் ஊதிய நிலையில் மறுபடி பார்ப்பது. ஊதிய பாக்கெட்டில் எழுத்துகளின் நடுப்பகுதி முன்னால் தள்ளி, ஓரங்கள் ஒடுங்கித் தெரிந்தன. வெ-க்கும் ண்-க்கும் இடையிலான இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியது இதற்குப் பிறகுதான்.

அச்சு முடிந்து வந்த முதல் ரோலில் மை ஒட்டுகிறதா என்று செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிரித்துப் பார்க்க வேண்டும். மை டேப்போடு வந்தால் ஃபிலிமுக்குக் கொரோனா ட்ரீட்மென்ட் (மை பிடிக்க ஃபிலிமின் மேல்பரப்பை மின்பொறியால் பதப்படுத்துவது) போதவில்லை என்று பொருள். எல்டிபிஇ-க்கு அந்தப் பதம் 38 டைன் அளவாவது இருக்க வேண்டும். கிரேட்டில் ஐஸ் நீரோடு உரசும் பாக்கெட்டில் இது சரியில்லையென்றால் லோகோ கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் உரிந்துவிடும், பழி டிசைனின் மேல் விழும்.

ஃபைல் கைமாறும் இடம்

தமிழ் லோகோக்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில். டிசைனர் யூனிகோடில் வேலை செய்கிறார், அச்சகத்தில் இன்னும் யூனிகோடு அல்லாத பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும், கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பும் ஓடுகின்றன. ஃபைலைத் திறந்ததும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது கட்டம் கட்டமாக வரும். சரிசெய்வதாக நினைத்து ஆபரேட்டர் வேறு எழுத்துருவில் தட்டச்சு செய்துவிடுவார். பெயரில் நடக்காவிட்டாலும் கீழே வரும் இட்லி தோசை மாவு என்ற வரியில் நடக்கும். இங்கே பாக்கெட்டின் முதல் ப்ரூஃபில் (மாதிரி அச்சில்) தோசை என்ற சொல்லின் கொம்பு த-வைத் தாண்டிக் குதித்திருந்தது. எழுத்துகள் எல்லாவற்றையும் அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவங்களாக மாற்றிய பிறகே ஃபைல் வெளியே போக வேண்டும். டிசைனர் பக்கத்திலும் இலஸ்ட்ரேட்டர் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான கம்போசரை, அதாவது எழுத்துகளைக் கோக்கும் அமைப்பைத், தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கோளாறு வரும்.

ஒப்படைத்தவை: வெக்டர் மூல ஃபைல் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாதது), பிடிஎஃப், எஸ்விஜி, அச்சகத்துக்காகப் பழைய கோரல் பதிப்பில் ஒரு ஃபைல், பின்புலமில்லாத பிஎன்ஜி, பில் மெஷினுக்கு 200 புள்ளி அகலக் கறுப்பு வெள்ளை பிஎம்பி, ஸ்டிக்கர் கட்டிங் மெஷினுக்கு ஒற்றைக் கோட்டு ஃபைல். ஒவ்வொன்றிலும் அரக்கு, கறுப்பு, வெள்ளை என மூன்று. ஃபைலின் பெயரிலேயே எதற்கு என்று இருக்க வேண்டும்.

பயன்பாட்டு விதிகளை ஆங்கிலத்தில் நாற்பது பக்கமாகக் கொடுப்பது வீண். போர்டு அடிப்பவரும் ஸ்டிக்கர் வெட்டுபவரும் அதைப் பிரிக்கவே மாட்டார்கள். இங்கே தமிழில் ஒரே பக்கம், லேமினேட் செய்தது: சுற்றி விட வேண்டிய இடம் ஒரு சுழியின் விட்டம், 20 மி.மீ.க்குக் கீழே சிறிய வரைவு. இழுத்து நீட்டக் கூடாது. அரக்குப் பின்புலத்தில் வெள்ளை மட்டும். நிழல், பெவல் (புடைத்த விளிம்பு) கூடாது. நீட்டக் கூடாது என்பதற்கு மட்டும் தவறான படம் ஒன்றும் சரியான படம் ஒன்றும் உண்டு. பத்தடிக்கு மூன்றடி போர்டைக் கண்டதும் இடத்தை நிரப்ப அகலவாக்கில் இழுப்பதுதான் அதிகம் நடக்கிறது. அப்படி இழுத்தால் செங்குத்துக் கோடுகள் மட்டும் தடித்து, சுழிகள் முட்டை வடிவாகிவிடும்.

போர்டுக்கு ஃபிளெக்ஸ் பேனரில் பிரிண்ட் எடுத்தால் சென்னை வெயிலில் மஜெண்டாவும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், அரக்கு கொஞ்ச காலத்தில் சாம்பல் பழுப்பாகிவிடும். ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய) பலகையின் மேல் நிறமேறிய அக்ரிலிக் எழுத்துகள், உள்ளே எல்இடி என்று முடிவானது. புள்ளி தனியாக நிற்கும் சிறு துண்டு என்பதால் அதற்கும் பலகையில் பொருத்தத் தனி ஸ்டட்டும் (ஆணி) ஒரு எல்இடி மாட்யூலும் வேண்டும். இல்லையென்றால் இரவில் பெயர் எரியும், புள்ளி இருட்டாக இருக்கும். குட்டியானையின் பக்கவாட்டில் தகடு மடிப்பு மடிப்பாக இருக்கும், வினைல் அந்தப் பள்ளங்களில் உப்பிக் கிழியும். குளிர்ப்பெட்டி பொருத்திய வண்டிகளுக்கு மட்டும் முழு லோகோ, மற்றவற்றுக்குக் கதவில் வெ வட்டம்.

பதிவும் உரிமையும்

பெயர்த் தேடலை வரைவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வணிகக் குறிப் பதிவகத்தின் பொதுத் தேடலில் 30-ஆம் வகுப்பில், அதாவது தானிய மாவும் அதிலிருந்து செய்த பொருட்களும் அடங்கிய வகுப்பில், தேட வேண்டும். தமிழ்ப் பெயரில் சிக்கல் ஆங்கில எழுத்துக்கூட்டு. ழ-வை ஒருவர் இசட் எச் என்றும், இன்னொருவர் எல் என்றும், வேறொருவர் வெறும் இசட் என்றும் எழுதியிருப்பார். எல்லா வடிவிலும், ஒலிப்பு முறையிலும் தேடினால்தான் முழுமை. கடை நடத்துவதால் 35-ஆம் வகுப்பிலும் பார்க்கப்பட்டது.

விண்ணப்பம் இணையவழி. கட்டணம் ஒரு வகுப்புக்குத் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் சான்று (சிறு தொழில் பதிவுச் சான்று) இணைக்க வேண்டும். சென்னைக்கான பதிவகம் கிண்டியில் இருக்கிறது. பெயருக்கு ஒன்று, லோகோவுக்கு ஒன்று என இரண்டு விண்ணப்பம். ஒன்றுக்குத்தான் பணம் என்றால் பெயரை முதலில் பதிவது நல்லது, லோகோ பின்னால் மாறினாலும் பெயர் நிற்கும். லோகோவைக் கறுப்பு வெள்ளையில் தருவது நல்லது. நிறக் கட்டுப்பாடு இல்லாமல் பதிவானால் எல்லா நிறத்துக்கும் பதிவானதாகச் சட்டம் கருதுகிறது. தமிழ் எழுத்து இருப்பதால் அதன் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துத் தர வேண்டும்.

இங்கே பலர் தவறும் ஒரு இடம்: பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்ததால் அந்த விண்ணப்பத்தில் முதல் பயன்பாட்டுத் தேதியும், பழைய பில்களோடு உறுதிமொழிப் பத்திரமும் போகலாம். புதிய லோகோவுக்கு அந்தத் தேதியைப் போட முடியாது. இனிமேல் பயன்படுத்தப்போவது என்றே குறிக்க வேண்டும். பதிவகத்திலிருந்து பரிசோதனை அறிக்கை வந்தால் பதில் தர 30 நாள். வணிகக் குறி இதழில் வெளியான பின் மற்றவர் எதிர்ப்புத் தெரிவிக்க 4 மாதம். பதிவானால் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும்வரை வட்டத்துக்குள் ஆர் போடச் சட்டம் இடம் தரவில்லை, டிஎம் போடலாம். பாக்கெட் பிளேட்டில் டிஎம் கூட வேண்டாம் என்று விட்டது நடைமுறைக் காரணத்துக்காக: பதிவு கிடைத்ததும் அந்த ஒரு எழுத்துக்காகப் புதுப் பிளேட் போட வேண்டிவரும்.

பதிப்புரிமையில் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏமாறுவது, பணம் கொடுத்துவிட்டால் லோகோ தங்களுடையது என்ற நம்பிக்கையில். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வெளி டிசைனர் வரைந்த லோகோவின் முதல் உரிமையாளர் பொதுவாக அந்த டிசைனர். எழுத்து மூலம், கையெழுத்தோடு மாற்றித் தந்தால்தான் மாறும். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு மாவு அனுப்பும் எண்ணம் இருக்கும் நிறுவனத்துக்கு இந்த இரண்டு வரியும் முக்கியம். எனவே உரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் என்று எழுதி, கடைசி 30 சதவீதப் பணம் வந்த அன்றே கையெழுத்தானது.

மாற்றும் வேலை

பழைய ஃபிலிம் ரோல்களைத் தூக்கி எறியாமல் தீரும்வரை ஓட்டுவது என்று முடிவு. ஆனால் ஒரே கடையில் பழையதும் புதியதும் கலந்து நின்றால் போலிச் சரக்கு என்ற சந்தேகம் வரும். ஆகவே ரூட் வாரியாக மாற்றம்: முதலில் முகப்பேர் ரூட் முழுவதும் புதியது, மிச்சப் பழைய ரோல் மற்ற ரூட்டுகளுக்கு. முதல் ரோலில் மட்டும் புதிய லோகோவுக்குக் கீழே பழைய இலை சின்னதாக, பச்சை மையில், அதே மாவு என்ற குறிப்போடு வந்தது. அது பச்சைப் பிளேட்டில் இருந்ததால் அடுத்த ஆர்டரில் அந்த ஒரு பிளேட்டை மட்டும் மாற்றி நீக்க முடிந்தது.

கேழ்வரகு மாவும் அடை மாவும் வரிசையில் சேரவிருக்கின்றன. அவற்றுக்கு வெள்ளை, அரக்குப் பிளேட்டுகள் அப்படியே இருக்கும். வகையின் பெயர் பச்சைப் பிளேட்டில் மாறும், பாக்கெட்டின் மேல் ஓரத்தில் 25 மி.மீ. பட்டை ஒன்று கூடும். பட்டைக்கு என்ன நிறம் வைப்பது என்பதற்கு ஒரே கட்டுப்பாடு, பால் பாக்கெட்டின் நான்கு நிறமும் அதில் வரக்கூடாது.